சர்வீஸ் செய்த பிறகு விறகடுப்பு புகைவது ஏன்?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். வீட்டின் பின்புற அடுப்படியில் செங்கல் அடுப்பு, 6 அங்குல இரும்புப் புகைபோக்கி. தீபாவளிக்கு முன் ஆள் வைத்து உள்ளே புதிதாகப் பூசினோம், சாம்பல் தட்டியை மாற்றினோம், புகைபோக்கியையும் சுத்தம் செய்தோம். இப்போது அடுப்பு வாய்வழியே புகை வருகிறது; கரி பாதியில் அணைந்துவிடுகிறது. விறகும் கரியும் எப்போதும் வாங்குபவைதான். என்ன கோளாறு?

பதில்: எரிபொருள் மாறவில்லை என்பதால், காற்று நுழையும் வழியோ புகை வெளியேறும் வழியோ குறுகியிருக்க வேண்டும். பூச்சை உடைக்க அவசரப்படாதீர்கள்.

அடுப்பு நன்றாக ஆறியதும் புகைபோக்கியின் அடிவளைவை முதலில் பாருங்கள். மேலிருந்து பிரஷ் விட்டுத் தேய்க்கும்போது உதிரும் புகைக்கரி அந்த எல்போவில்தான் தங்கும். அதை அள்ளாமல் விட்டால் பாதிக் குழாய் அடைபடும். உச்சியில் உள்ள மழைத்தொப்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் விளிம்புக்கும் தொப்பிக்கும் நடுவே குறைந்தது 3 அங்குலம் இடைவெளி வேண்டும். கழற்றி மாட்டும்போது அது கீழே இறங்கியிருக்கலாம்.

அடுத்து, ஒரு பக்கச் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திப் புகைபோக்கியின் அடியில் பிடியுங்கள். புகை சரசரவென்று மேலே இழுத்தால் குழாய் சரி. தயங்கினால், குழாய் இணைப்புகளின் அருகே ஊதுவத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே வெளிக்காற்று புகுந்து இழுவையைக் கெடுக்கிறது. சூடு தாங்கும் சிமெண்டால் அதை அடையுங்கள்.

குழாய் சரியென்றால் என் சந்தேகம் பூச்சின்மீதுதான். புகை வெளியேறும் 6 அங்குலத் துளையின் உட்புறத்தில் சுற்றிலும் அரை அங்குலம் பூசியிருந்தால் மிஞ்சுவது 5 அங்குலம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம், ஆனால் புகை போகும் பரப்பில் 30 விழுக்காடு போய்விடுகிறது. புகைபோக்கி இழுப்பதே உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால்தான். வெளியே 30 பாகை வெயில் அடிக்கும் நம் ஊரில் அந்த இழுவை குளிர்நாடுகளைவிடக் குறைவு. அதனால் இந்தக் குறுக்கம் இங்கே கூடுதலாக உறுத்தும். துளையை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் அந்த இடத்துப் பூச்சை மட்டும் உளியால் சுரண்டி எடுக்கலாம்.

கரி பாதியில் அணைவதற்குத் தட்டிதான் பெரும்பாலும் காரணம். கம்பிகளின் இடைவெளி மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருந்தால்தான் சாம்பல் சிக்காமல் விழும். தலைகீழாகப் பொருத்தினால் சாம்பல் அடைத்துக்கொண்டு காற்று ஏறாது. பழைய தட்டியைவிட இடைவெளி நெருக்கமாக இருந்தாலும் இதே கதிதான். கோலா செபெத்தாங் பக்கத்து பாக்காவ் (சதுப்புநில அலையாத்தி மரம்) கரி கனமானது, மெதுவாகவே பிடிக்கும். ஆகவே தேங்காய்ச் சிரட்டையால் முதலில் தீமூட்டி, தணல் பிடித்த பிறகு கரியைப் போட்டுச் சோதியுங்கள்.

புதுப் பூச்சு காயாமல் இருந்தாலும் ஆவியும் புகையுமாக வரும். ஈரப்பதம் மிகுந்த பினாங்கில் மூன்று நாள் தீயின்றி விடுங்கள். நான்காம் நாள் ஒரு கைப்பிடி சிரட்டையால் அரை மணி நேரம் சிறு தீ; முழுவதும் ஆறிய பின் மறுநாள் ஒரு மணி நேரம். நேரடியாகப் பெருந்தீ மூட்டினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பூச்சைப் பிளக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அதுவும் புகையை அறைக்குள் இழுக்கும், நிறுத்திப் பாருங்கள்.

புகை குறையும்வரை சன்னல் கதவைத் திறந்தே சமையுங்கள். கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் தெரிந்தால் உடனே எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

பூசியவரிடம் கடைசியாக ஒன்று கேளுங்கள்: எந்தச் சிமெண்ட்? கட்டடச் சிமெண்ட் தீயின் நேரடிச் சூட்டில் வலுவிழந்து உதிரும். அதைத்தான் பூசியிருந்தால், சுரண்டிவிட்டு சூடு தாங்கும் ஃபயர் சிமெண்டால் மறுபடியும் செய்ய வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.