7.6 வைத்திருக்கும் பையனுக்கு ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்காதா?

கேள்வி: என் மகன் 2025-இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தான். சி.ஜி.பி.ஏ. 7.6. ஒரு அரியர் இருந்தது, எழுதி முடித்துவிட்டான். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசைப்படுகிறான். கோவையில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டால், "ஜெர்மன் கணக்கில் 2.8 வருகிறது, அரசுப் பல்கலைக்கழகம் எடுக்காது, பெர்லினில் தனியார் பல்கலைக்கழகத்தில் உறுதியாக வாங்கித் தருகிறோம், இந்த வாரமே 35,000 ரூபாய் கட்டி சீட் பிளாக் பண்ணுங்கள்" என்கிறார்கள். அவர்களுக்கென்று தனிக் கட்டணம் கிடையாதாம். மனையை அடமானம் வைக்கலாமா? (ஒரு தந்தை, கரூர்)

பதில்: வைக்காதீர்கள். 35,000-உம் கட்டாதீர்கள்.

முதலில் அந்த 2.8. ஜெர்மனியில் மதிப்பெண் நமக்குத் தலைகீழ், 1 என்றால் முதல் தரம், 4 என்றால் தட்டுத்தடுமாறித் தேறியவர். நம்முடைய சி.ஜி.பி.ஏ.-வை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது, அதில் மூன்று எண்கள் போகும்: உச்ச மதிப்பு 10, பையன் வாங்கிய 7.6, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பு. இந்த மூன்றாவதில்தான் விளையாடியிருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டின் மதிப்பெண் விதிகளில், தேர்ச்சிக்கு 6 புள்ளி, அதைப் போட்டால் 2.8 வரும். உங்கள் பையன் 2021-இல் சேர்ந்திருப்பான், 2021 ரெகுலேஷனில் தேர்ச்சிப் புள்ளி 5. அதைப் போட்டால் 2.44. பல பல்கலைக்கழகங்கள் கோடு போடுவது 2.5-இல். அதாவது கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தவன் இந்தப்பக்கம் வந்துவிட்டான். தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தவறு எப்போதும் தனியார் பல்கலைக்கழகம் பக்கமாகவே விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுதி முடித்த ஒரு அரியருக்காக யாரும் கதவைச் சாத்துவதில்லை. பல்கலைக்கழகங்கள் உண்மையில் பார்ப்பது பாடங்களை. அல்காரிதம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், டிஸ்க்ரீட் மேத்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாம் எத்தனை கிரெடிட் படித்தான் என்று சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுவார்கள். நம் பிள்ளைகள் அடிபடுவது இங்கேதான், அதிலும் தியரியில். அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸை எடுத்துத் தெளிவாக ஒரு கோப்பாகத் தயாரிக்கச் சொல்லுங்கள்.

இப்போது "கட்டணம் கிடையாது" என்ற விஷயம். அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவதில்லை. தனியார் தருகின்றன. இலவசமாக ஆலோசனை சொல்பவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று புரிந்திருக்கும். இன்னொன்று, பையன் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் திறந்து பாஸ்வேர்டைத் தங்களிடம் வைத்துக்கொண்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து இடம் கிடைத்த கடிதம் வந்தும், பிள்ளைக்கே தெரியாமல் போன கதை எனக்குத் தெரியும்.

"ஜெர்மனியில் இப்போது எல்லா இடத்திலும் ஃபீஸ் வந்துவிட்டது" என்றும் சொல்வார்கள். வரவில்லை. ஆனால் விதிவிலக்கு இருக்கிறது, அதைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பர்க், ஃப்ரைபர்க் இருக்கும் மாநிலத்தில், 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. நான்கு செமஸ்டருக்கு 6,000. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 வாங்குகிறது, படிப்பைப் பொறுத்து. மியூனிக் இருப்பது பவேரியா மாநிலம், அதனால் பவேரியா முழுக்க இப்படித்தான் என்பார்கள், தவறு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. அந்த 1,500 யூரோ மாநிலத்தில் படித்தாலும்கூட, பெர்லின் தனியாரில் பல இடங்களில் ஒரு வருடத்துக்குக் கேட்பதைவிட மொத்தப் படிப்பும் குறைவாக முடியும். சார்லாந்து, பான், பாடர்போர்ன், கைசர்ஸ்லாட்டர்ன் ஆகிய இடங்களிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அங்கெல்லாம் செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை கட்டினால் போதும், பெரும்பாலும் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம்.

பெர்லின் தனியார் என்றால் இதையும் கேளுங்கள்: வகுப்பு நேரிலா, பாதி ஆன்லைனா? 2025-இல் அங்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பாதி ஆன்லைன் படிப்பில் சேர்ந்த இந்திய மாணவர்களிடம், இதற்கு நீங்கள் ஜெர்மனியில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்று சொல்லி ஊருக்குக் கிளம்பச் சொன்னது பெர்லின் குடியேற்ற அலுவலகம். கடன் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பணம் எவ்வளவு வேண்டும்? பிளாக்ட் அக்கவுண்ட் என்று 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். இது ஃபீஸ் இல்லை. பையன் அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்பி வரும், அவன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். கடன் வாங்குவதென்றால் இதற்கு வாங்குங்கள், அதுவும் இடம் உறுதியான பிறகு.

ஏ.பி.எஸ். சான்றிதழை, அதாவது பையனின் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழை, வாங்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள். 2022 நவம்பர் முதல் அது இல்லாமல் மாணவர் விசா இல்லை. கட்டணம் 18,000 ரூபாய். "எங்களுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், சீக்கிரம் வாங்கித் தருகிறோம்" என்பது பொய். டெல்லியில் ஏ.பி.எஸ். அலுவலகத்தில் மார்க் ஷீட்டைச் சரிபார்ப்பார்கள், அப்புறம் பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு சரிபார்க்கும் (முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30), அப்புறம் தூதரகம். ஒரே காகிதத்தை மூன்று பேர் ஏன் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் நம் ஊரில் ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்க என் மாணவி ஒருத்தியை ஒரே அலுவலகத்தில் மூன்று நாள் மூன்று கவுண்டருக்கு அலையவிட்டார்கள், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருந்தார். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கிவிடுங்கள். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு சில இடங்களில் மார்ச்சிலேயே கடைசி தேதி முடிந்துவிடும், பல இடங்களில் ஜூலை 15 வரை இருக்கும். எந்த இடத்துக்கு எப்போது என்பதை டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் பையனே தேடிப் பார்க்கட்டும், அது உண்மையிலேயே இலவசம்.

35,000-ஐ ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் ரசீதை எடுத்துப் பாருங்கள், பணம் போயிருப்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கா, கன்சல்டன்சி பெயருக்கா? கன்சல்டன்சி பெயர் என்றால் இன்றைக்கே மின்னஞ்சலில் எழுதித் திருப்பிக் கேளுங்கள். போனில் கேட்க வேண்டாம்.