வீட்டில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கணினி உறைவதும் சூடாவதும்

நீங்களே பூட்டிய கணினி திடீர் திடீரென்று உறைகிறது, பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சூடு மிஞ்சினால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறமும் அடங்காவிட்டால் கணினியே அணைந்துவிடும். திரை அப்படியே உறைந்து நின்றால் எனக்கு முதல் சந்தேகம் ரேம், அதாவது தற்காலிக நினைவகம் மேல்தான்.

சரி, முதலில் பிராசசரைக் குளிர்விக்கும் கூலரைப் பார்ப்போம். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் சும்மா இருக்கும்போதே 80 டிகிரி காட்டினால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி அடிப்பக்கம் பாருங்கள்; பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரிக்காமலே மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

சூடு தணிந்தும் உறைந்தால், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் அணைத்துவிட்டு, ஒவ்வொரு ரேமாகப் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓட்டுங்கள். வேறு ஸ்லாட்டிலும் பிழை வந்தால் அந்த ரேமை மாற்றித்தான் ஆக வேண்டும்.