போன் பிளக்கும் கிரிம்பிங் டூலும்: வாசகர் கேள்விகள்

பனியன் கம்பெனி இன்டர்காமுக்கு பிளக்கை ஸ்க்ரூ டிரைவரால் குத்தி மாட்டினேன். நாலு நாள் நன்றாக இருந்தது, இப்போது கரகரவென்கிறது. பிளக்கை வயரில் அமுக்கி மாட்டும் கிரிம்பிங் டூல் வாங்கியே ஆக வேண்டுமா? (திருப்பூர்)

வாங்கியே ஆகணுங்க. டூலில் ஒரு அமுக்கு அமுக்கினால் இரண்டு வேலை நடக்கிறது. தங்க முலாம் பூசிய தகடுகள் ஒரே மட்டத்தில் இறங்கி, வயரின் தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்வுகின்றன. பின்னால் உள்ள ஆப்பு, கேபிளின் மேலுறையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஸ்க்ரூ டிரைவரில் தகடு ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக நிற்கும். ஆப்பு இறங்கவே இறங்காது. யார் காலாவது கேபிளில் தட்டினால் போச்சு. ஆரம்பத்தில் நானும் கட்டிங் பிளேயரால் நசுக்கி, அதே வீட்டுக்கு மூன்று நடை போனவன்தான்.

ராட்செட் உள்ள டூலாகப் பாருங்கள். முழுசாக அமுக்கும்வரை அதன் கைப்பிடி விரியாது. ஏற்கெனவே குத்திய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

லேன் (கம்ப்யூட்டர் நெட்வொர்க்) கேபிளுக்கான டூலிலேயே போன் பிளக்கை அமுக்கலாமா? (ஈரோடு)

டூலில் எத்தனை வாய் இருக்கிறது என்று பாருங்கள். லேன் பிளக்கில் வயர் தகடுகளுக்கு 8 இடம், போன் லைன் பிளக்கில் 6, ரிசீவர் சுருள் வயரில் 4. 8 வாயில் 6 பிளக்கை வைத்தால் ஆடும், தகடு கோணும். அப்புறம் ஒன்று: போன் பிளக் லேன் ஜாக்கில் நுழையத்தான் செய்யும். ஆனால் பிளக்கின் ஓரம் பட்டு ஜாக்கின் இரு கோடியிலும் உள்ள 1, 8 பின்கள் வளையலாம்.

தென்னந்தோப்பு வீட்டுக்கு இழுத்த லைன் சில மாதத்தில் விட்டு விட்டு வருகிறது. டூல் நல்ல டூல்தான். (பொள்ளாச்சி)

வயரை உரித்துப் பாருங்கள், ஒற்றைக் கம்பியா, மெல்லிய இழைகளா? இழை வயருக்கான பிளக்கில் தகட்டின் பல் இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும். ஒற்றைக் கம்பிக்கானதில் பற்கள் கம்பியின் இரு பக்கமும் கவ்வும். மாற்றிப் போட்டால் முதல் நாள் பேசும், நாளாக நாளாகப் பிடி தளரும். தூரத்துக்கு இழுப்பது பெரும்பாலும் ஒற்றைக் கம்பி, கடையில் சும்மா கேட்டால் எடுத்துத் தருவது இழை வயர் பிளக். எதற்கு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாலு வயரில் எது எது? (தாராபுரம்)

நடுவில் சிவப்பு, பச்சை. ஒரு லைனுக்கு அது போதும்.

வயரைப் பல்லால் உரிக்கிறேன், தப்பா? (கோபி)

லைனைக் கழற்றிவிட்டு, டூலில் உள்ள பிளேடால் உரியுங்கள். சும்மா இருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் டிசி. மணி அடிக்கும்போது அதன் மேல் 75 முதல் 90 வோல்ட் ஏசி ஏறும். அந்த நேரம் பார்த்து மச்சான் போன் பண்ணினால் தெரியும்.