காற்று தாங்கினால் வானூர்தி: கேள்வி பதில்

கேள்வி: ராக்கெட்டும் மேலே போகிறது, பலூனும் போகிறது. எதை வானூர்தி என்று சொல்வது?

பதில்: அதை எது தாங்குகிறது என்று பாருங்கள். காற்று தாங்கினால் வானூர்தி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறையும் இதுதான். பலூன், எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர், விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் இதில் வந்துவிடும். ராக்கெட் தன் வாயுவைப் பின்னால் தள்ளி அந்த எதிர்விசையில் போகிறது. காற்றே இல்லாத இடத்திலும் போகும் என்பதால் அது சேராது.

கேள்வி: தரையிலும் தண்ணீரிலும் ஓடும் ஹோவர்கிராஃப்டையும் காற்றுதானே தூக்கி வைத்திருக்கிறது?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள்! ஆனால் அது தரைக்கும் தனக்கும் நடுவே காற்றை அடைத்து அதன்மேல் நிற்கிறது. கீழே தரையோ தண்ணீரோ இல்லாவிட்டால் விழுந்துவிடும். பூமியின் பரப்பில் மோதித் திரும்பும் காற்றின் விசையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1967-ல் முடிவு செய்து, ஹோவர்கிராஃப்டை வெளியே வைத்துவிட்டார்கள்.

கேள்வி: டிரோன்?

பதில்: வானூர்திதான். உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று வரையறை கேட்கவில்லை.

கேள்வி: வெப்பக்காற்று பலூன் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பதில்: கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அந்த இடத்தில் ஹீலியத்தை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கலாம். 100 டிகிரிக்குச் சூடாக்கிய காற்றோ கால் கிலோதான் தூக்கும். பலூன் துணி, கூடை, எரிவாயு, ஆட்கள் எல்லாவற்றையும் அந்தக் கால் கிலோக்களால்தான் தூக்க வேண்டும்.

கேள்வி: இறக்கையின் மேலே போகும் காற்று, கீழே போகும் காற்றோடு பின்முனையில் சேர்ந்துகொள்ள வேகமாக ஓடுகிறது, அதனால்தான் விமானம் எழும்புகிறது என்று படித்தேன். சரியா?

பதில்: தவறு. இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டிய அவசியமே இல்லை. அளந்து பார்த்தால் மேலே போகும் காற்று முன்கூட்டியே போய்விடுகிறது. இறக்கை தன்மேல் வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேற்பக்கம் அழுத்தம் குறைவது உண்மைதான், ஆனால் அதுவும் இதே நிகழ்ச்சியின் இன்னொரு முகம். தலைகீழாகவும் விமானம் பறக்க முடிவது இதனால்தான்: மூக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் காற்று கீழே திரும்பும். அளவுக்கு மீறித் தூக்கினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சட்டென்று குறையும். விமானிகள் 'ஸ்டால்' என்பது இதைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும்.

கேள்வி: எஞ்சின் நின்றால் விமானமாவது மிதந்து இறங்கும். ஹெலிகாப்டர் கல்லாக விழுமா?

பதில்: விழாது, விமானி தாமதிக்காமல் இருந்தால். முதலில் விமானத்தைச் சொல்கிறேன். 1983-ல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று சுமார் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, கிளைடரைப் போலவே மிதந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியது. உயிரிழப்பு இல்லை.

ஹெலிகாப்டரில் மேலே சுழலும் தகடுகளே இறக்கைகள். எஞ்சின் நின்றதும் விமானி அவற்றின் சாய்வை உடனே குறைப்பார். இறங்கும்போது கீழிருந்து வரும் காற்று தகடுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரை நெருங்கியதும் சாய்வைக் கூட்டினால், அந்தச் சுழற்சியில் சேர்ந்திருக்கும் ஆற்றல் இறக்கத்தை மெதுவாக்கும். அதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

அப்புறம், எப்போதுமே இப்படிக் காற்றால் சுழலும் தகடுகளில் பறக்கும் வகையும் உண்டு: ஆட்டோஜைரோ. ஸ்பெயினின் ஹுவான் டி லா சியெர்வா 1923-லேயே அதைப் பறக்க வைத்துவிட்டார்.