பெரிய நிறுவனமா, பன்னிரண்டு பேர் அலுவலகமா?

கேள்வி: வணிகவியல் படித்து முடித்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் இரண்டு வேலைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று பல ஆயிரம் பேர் பணிபுரியும் பெரிய நிறுவனம். மற்றொன்றில் பன்னிரண்டு பேர்தான், சம்பளமும் குறைவு. ஆனால் அங்கே உரிமையாளரே ஒரு மணி நேரம் என்னிடம் பேசினார். வீட்டில் எல்லோரும் பெரிய நிறுவனத்தில் சேரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வீட்டார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ ஒரே தகுதியுள்ள ஊழியர்களுக்குக்கூட பெரிய நிறுவனங்களே கூடுதல் சம்பளம் தருகின்றன என்பதை சார்லஸ் பிரௌன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். காப்பீடு, விடுப்பு போன்றவையும் பெரும்பாலும் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். கடனோ மருத்துவச் செலவோ உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால், தயங்காமல் பெரிய நிறுவனத்தில் சேருங்கள்.

அந்த நெருக்கடி இல்லையென்றால், ஒன்றை விசாரியுங்கள். நீங்கள் செய்யும் வேலையை அன்றாடம் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார்?

பெரிய நிறுவனத்தில் ஓராண்டு முழுவதும் நீங்கள் கொள்முதல் பில்களை மட்டுமே சரிபார்க்க நேரலாம். வங்கிக் கணக்கை ஒப்பிடுவது இன்னொருவர், சம்பளப் பட்டியல் வேறொரு பிரிவு. அலுப்பாக இருக்கும்தான். ஆனால் பணத்தைக் கையாள்பவரே கணக்கும் எழுதக்கூடாது என்று பாடத்தில் படித்த விதி நடைமுறையில் எப்படிச் செயல்படுகிறது என்பதையும், தணிக்கையாளர் எதைத் தோண்டிக் கேட்பார் என்பதையும் அங்கே கற்பீர்கள். சிறிய அலுவலகத்தில் பில் எழுதுவதிலிருந்து ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பது வரை எல்லாமே உங்கள் மேசைக்கு வரும். லாபம் காட்டும் நிறுவனமே, வரவேண்டிய பணம் தாமதமானதால் மாதக் கடைசியில் திணறுவதை நேரில் பார்ப்பீர்கள். இந்த அனுபவத்துக்கு ஈடு இல்லை. ஆனால் உங்களைத் திருத்த அனுபவமுள்ள கணக்காளர் அங்கே இல்லையென்றால், தவறான முறையையே சரியென்று பழகிவிடுவீர்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். பிழையாகப் படிந்த கையை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

வேலை நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் தரவுகளின்படி, அந்நாட்டில் தொடங்கப்படும் புதிய நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஐந்து ஆண்டுகளில் பாதியளவு மறைந்துவிடுகின்றன. ஆகவே சிறிய நிறுவனத்தின் வயதைக் கேளுங்கள். பத்து ஆண்டுகளைக் கடந்த பன்னிரண்டு பேர் அலுவலகமும் சென்ற ஆண்டு தொடங்கிய பன்னிரண்டு பேர் அலுவலகமும் ஒன்றல்ல. அதற்காகப் பெரியது எல்லாம் பாதுகாப்பு என்றும் நம்பிவிடாதீர்கள். 158 ஆண்டுப் பழமையுள்ள அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் திவாலானது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

சிறிய நிறுவன உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எல்லா மாதமும் சம்பளம் உரிய தேதியில் கொடுக்கப்பட்டதா? வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா? இந்த இருக்கையில் எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? சம்பளம், வேலை நேரம், விலகல் அறிவிப்புக் காலம் ஆகியவை எழுத்தில் வரட்டும், வாய்ச்சொல் போதாது. பெரிய நிறுவனத்திலோ, எந்தக் குழு, யார் மேலாளர் என்று கேட்டு, சேரும் முன் அவரிடம் பத்து நிமிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். அங்கே பல ஆயிரம் பேர் இருந்தாலும் உங்கள் அன்றாடம் அந்தச் சிறு குழுவோடுதான்.

உரிமையாளர் ஒரு மணி நேரம் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்களுக்கு என்ன கற்றுத்தரப் போகிறார், யார் கற்றுத்தருவார் என்று ஏதாவது சொன்னாரா? நினைவில்லை என்றால், பதில் அனுப்பும் முன் அவரை இன்னொரு முறை பார்த்து அதை மட்டும் கேட்டுவிடுங்கள்.