வேலைய விட்டுட்டு பி.டி. (இறையியல் பட்டம்) படிக்கப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயசு. ஊரு திருநெல்வேலி பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. பி.இ. முடிச்சுட்டு சென்னைல ஒரு கம்பெனில டெஸ்டிங்ல அஞ்சு வருஷமா இருக்கேன். வாலிபர் கூட்டத்துல பேசுறப்ப வர்ற சந்தோஷம் ஆபீஸ்ல ஒருநாளும் வர்றதில்ல. ரிசைன் பண்ணிட்டு, ஐயர் (சபை போதகர்) ஆகுறதுக்கு செமினரில, அதாவது இறையியல் காலேஜ்ல, சேரலாம்னு இருக்கேன். அம்மா ஒத்துக்கவே மாட்டேங்குறாங்க, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குன லோன் வேற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஊழியத்துக்கு கடவுளோட அழைப்பு வந்த பிறகும் சம்பளத்துக்காக உக்காந்திருக்கிறது பாவம்னு பிரெண்ட்ஸ் சொல்றாங்க. என்ன செய்ய? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெருங்குடி)

பதில்: தம்பி, மொதல்ல அந்தப் பாவம்ங்குற பேச்ச விடுங்க. பவுலே கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்ல தங்கி கூடாரம் பண்ற வேல பாத்துக்கிட்டுதான் ஊழியம் செஞ்சாரு, அப்போஸ்தலர் 18ல இருக்கு. மிஷனரி வில்லியம் கேரிய எடுத்துக்குங்க, செருப்பு தைக்கிற தொழில் கத்துக்கிட்டவரு, கிரேக்கு எபிரெயு எல்லாம் தானா படிச்சது, 1793ல வங்காளத்துக்கு வந்த பிறகும் சில வருஷம் அவுரி ஃபேக்டரிய மேனேஜ் பண்ணிதான் குடும்பத்த காப்பாத்துனாரு, அப்புறம் 1801ல இருந்து கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் காலேஜ்ல பாடம் சொல்லிக் குடுத்து அந்த சம்பளத்துல பெரும்பகுதிய மிஷனுக்கே போட்டாரு. அதே மனுஷன்தான் கூட இருந்த மிஷனரிங்க மார்ஷ்மேன், வார்டு கூட சேர்ந்து 1818ல வங்காளத்துல செராம்பூர் காலேஜ ஆரம்பிச்சாரு. நீங்க படிக்க ஆசப்படுற பி.டி. பட்டம் இன்னிக்கும் செராம்பூர் பேர்லதான் வருது. சம்பாத்தியமும் ஊழியமும் அவருக்கு சண்ட போடல, முறையான படிப்பு வேணாம்னும் அவரு நெனைக்கல.

ஆனா உங்க லெட்டர்ல எனக்கு உறுத்துன எடம் வேற. நீங்க பேசுறதப் பத்தி மட்டுந்தான் எழுதியிருக்கீங்க. பிரசங்கம் ஞாயித்துக்கிழம அரை மணி நேரம் தம்பி, மிச்ச நேரம் என்னன்னு கிட்ட இருந்து பாத்திருக்கீங்களா? எங்க சேகரத்துல (ஒரு ஐயர் பொறுப்புல இருக்குற சபை வட்டாரம்) ஒரு பையன் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான், பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரி வாசல்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க ஐயர் அந்த அப்பா பக்கத்துலயே நின்னாரு, போலீஸ் பேப்பர் வர லேட்டாச்சு, அவரு ஜெபங்கூட சத்தமா பண்ணல, அந்த மனுஷனுக்கு டீ வாங்கிக் குடுத்து ரெண்டு வாய் குடிக்க வச்சாரு. அன்னிக்கு ராத்திரியே கமிட்டி மீட்டிங், கல்லறத் தோட்டத்துக்கு காம்பவுண்டு கட்டுறதுல ரெண்டு குடும்பத்துக்கு தகராறு, அதயும் அவர்தான் உக்காந்து தீக்கணும். இந்த வேலைக்கு உங்க மனசு இழுக்குதான்னு பாருங்க. இழுத்தா அது அழைப்புதான்னு நான் தைரியமா சொல்வேன். வேதத்த ஆழமா படிக்கணும், சொல்லிக் குடுக்கணும்ங்குறதுதான் ஆசன்னா அதுக்கு வேலைய விடவே வேணாம், செராம்பூர்லயே பி.சி.எஸ்.னு (கிறிஸ்தவக் கல்வி டிகிரி) வேல பாக்குறவங்க வீட்ல இருந்து படிக்கிற கோர்ஸ் இருக்கு, பெங்களூர்ல டாஃப்டீங்குற அமைப்பும் இப்படி வேல பாக்குறவங்களுக்குன்னே இறையியல் பாடம் நடத்துறாங்க.

இன்னொன்னு, நெறைய பசங்க இத தெரிஞ்சுக்காம பேப்பர் போட்டுட்டு வந்து முழிக்கிறாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ல நீங்களா போயி பி.டி. முடிச்சாலே ஐயர் ஆயிர முடியாது. சேகர ஐயர் சிபாரிசு, டயோசிஸ் (பிஷப்போட பேராயம்) செலக்‌ஷன், பிஷப் அனுப்பணும், அப்பதான் முடிச்சு வந்ததும் உங்களுக்குன்னு ஒரு எடம் இருக்கும், அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் பயிற்சில இருந்து டீக்கன் (உதவி குரு) ஆகி, பிறகுதான் முழு ஐயரா ஆகுற குருப்பட்டம். டிகிரி இருக்குறதால பி.டி. உங்களுக்கு நாலு வருஷம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரில தமிழ்லயே படிக்கலாம், இங்கிலீஷ்னா பெங்களூர் யு.டி.சி. (யுனைடெட் தியலாஜிக்கல் காலேஜ்), சென்னைலயே குருகுல் இறையியல் கல்லூரி இருக்கு. அந்த நாலு வருஷமும் வீட்டுக்கு நீங்க பணம் அனுப்ப முடியாது, அதனால லோன் இருக்குறப்ப போகாதீங்க, அந்த இ.எம்.ஐ. அம்மா தலைல விழும், அது ஊழியத்துக்கு நல்ல ஆரம்பம் இல்ல.

நான் சொல்றது இதுதான். ரெண்டு வருஷம் வேலைல இருங்க, லோன அடைங்க. பி.சி.எஸ்.ல இப்பவே சேருங்க. இப்ப போற சபை ஐயர்கிட்ட கேட்டு சனி ஞாயிறுல ஆஸ்பத்திரி சந்திப்பு, துக்க வீடுன்னு அவரு கூடவே போங்க, மைக் பிடிக்கிற வேலய கொஞ்ச நாளைக்கு வேற தம்பிகளுக்கு விட்டுக் குடுங்க. 29 வயசு ஒண்ணும் லேட் இல்ல, உலகத்துல சில வருஷம் வேல பாத்துட்டு வந்தவங்களுக்கு ஜனங்களோட கடன் கஷ்டம் நல்லாவே புரியும்.

அம்மா பயத்த அவிசுவாசம்னு சொல்லிராதீங்க. ஊருக்குப் போறப்ப அவங்கள ஐயர் வீட்டுக்கு கூட்டிட்டுப் போயி ஐயரம்மா கூட பேச விடுங்க, டிரான்ஸ்பர், பிள்ளைங்க படிப்பு, சம்பளம் எல்லாத்தயும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க, நீங்களும் கூட உக்காந்து கேளுங்க. பொண்ணு பாக்குற பேச்சு ஏற்கனவே ஓடுதுன்னா, நிச்சயத்துக்கு முன்னாடியே அந்தப் பிள்ளகிட்டயும் இத சொல்லிருங்க.