நீட் மார்க் குறைந்ததால் அவள் இதைக் கேட்கவில்லை, சார்

சார், வணக்கம்.

நேற்று மேற்படிப்பு ஆலோசனைக்கு என்னிடம் வந்து நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகும் உங்கள் மகள் கேட்டதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பாவோட கை திரும்பி வந்துச்சு. அத்தையோட பாப்பா மட்டும் ஏன் வரல? ரெண்டுக்கும் காரணம் படிக்கணும் மேடம்." நீங்கள் உடனே, "நீட்ல மார்க் குறைஞ்சிடுச்சுன்னு இப்படிப் பேசறா. இன்னொரு வருஷம் கோச்சிங் போடலாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்கு அது தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கை. கண்ணாடி குத்தி மணிக்கட்டில் நரம்பு அறுந்தது, தைத்தார்கள், உணர்ச்சி திரும்ப ஏழு மாதம் ஆனது என்றீர்கள். பிசியோதெரபிஸ்ட் உள்ளங்கையில் விரலால் தட்டித் தட்டி, "எங்க சுர்ருன்னு வருது?" என்று கேட்பார் என்றும், அந்த இடத்தில் உங்கள் மகள் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வைத்து, ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுவாள் என்றும் சிரித்தபடி சொன்னீர்கள். சார், அது டாக்டர்கள் 1915-லிருந்து செய்துவரும் பரிசோதனை. டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். வளர்ந்துவரும் நரம்பிழையின் நுனி எதுவரை வந்திருக்கிறதோ, ஏறக்குறைய அந்த இடத்தில் தட்டினால்தான் சுர்ரென்று வரும். கையிலும் காலிலும் அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 17, 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம். தொடக்கத்தில் கொஞ்ச நாள் தாமதமாகும். உங்கள் ஏழு மாதக் கணக்கு சரியாக வருகிறது. பத்தாம் வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் அதை அளந்திருக்கிறாள்.

ஆனால் தண்டுவடம் அறுந்தால் இப்படி வளர்வதில்லை. ஏன் என்பதில்தான் நரம்பு ஆராய்ச்சித் துறையின் சுவை. 1850-இல் வாலர் என்ற மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்தார். வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழை சிதைந்துபோகிறது என்று கண்டார். கை நரம்பில் அந்தக் குப்பையைச் சுத்தம் செய்து, புது இழை வளர்ந்து போகப் பாதை போட்டுத் தருபவை ஷ்வான் செல்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தச் செல்கள் இல்லை. அங்கே இழைகளைச் சுற்றி இருக்கிற மயலின் என்ற கொழுப்பு உறையும், காயத்தில் உண்டாகும் தழும்பும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. 1981-இல் மான்ட்ரியாலில் அகுவாயோ என்ற நரம்பியல் ஆய்வாளரின் ஆய்வகத்தில் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றை எடுத்து, மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே பாலமாகப் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று நினைத்திருந்த இழைகள் அந்தத் துண்டுக்குள் வளர்ந்து வந்தன. அப்போது குறை செல்லில் மட்டும் இல்லை, அது இருக்கும் இடத்திலும் இருக்கிறது. இதைச் சொன்னபோது உங்கள் மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், கவனித்தீர்களா?

அடுத்தது உங்கள் தங்கையின் குழந்தை. பிறந்தபோது நன்றாக இருந்தது, ஐந்தாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது, பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. கிருமித் தொற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிறுநீரில் வெல்லப்பாகு கருகின வாடை வந்ததாக அத்தை சொன்னதை உங்கள் மகள் மறக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இருந்தது இன்ன நோய் என்று பரிசோதனை இல்லாமல் யாரும் முடிவுகட்டக் கூடாது. ஆனால் அப்படி வாடை வரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் மூன்று அமினோ அமிலங்களை உடைக்க வேண்டிய நொதி அந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. உடையாதது ரத்தத்தில் தேங்கும், மூளையைத் தாக்கும். தாய்ப்பாலிலும் அந்த அமிலங்கள் உண்டு. அதனால்தான் பிறந்து சில நாள் கழித்துத் தெரியவருகிறது. இந்த வகை நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் என்பார்கள். முதலில் அடையாளம் கண்டவர் கேரட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1902-இல். அறுபதுகளின் தொடக்கத்தில் கத்ரி என்பவர், குதிகாலில் ஊசி குத்தி வடிதாளில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்திலேயே இப்படி ஒரு நோயைக் கண்டுபிடிக்க வழி செய்தார். இன்று மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் அதே ஒரு சொட்டில் பல நோய்களைப் பார்த்துவிடலாம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டவர். அதை வைத்து அவரையோ பெரியவர்களையோ யாரும் குத்திப் பேச விடாதீர்கள். ஆனால் அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் ஒரு மரபியல் மருத்துவரைப் பார்க்கட்டும். படிப்புப் பேச்சைவிட இது அவசரம்.

இனி படிப்பு. உங்கள் மகளின் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அரில்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு வகைக் கொழுப்பு சேர்ந்துபோய், மூளையிலும் கைகால் நரம்புகளிலும் மயலின் உறை அழிகிறது. இதற்கு ஐரோப்பாவில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் விலை 42.5 லட்சம் டாலர். முக்கியமாக, அறிகுறி தெரிவதற்கு முன்பே கொடுத்தால்தான் நன்றாகப் பலிக்கும். அப்படியானால் சிகிச்சை செய்யும் டாக்டர் மட்டும் போதாது. நோயை முன்கூட்டியே பிடிக்கும் ஆய்வக ஆள், மரபணுவைப் படிப்பவர், குடும்பத்துக்கு விளக்கும் மரபணு ஆலோசகர், இந்தக் குழந்தைகளுக்குக் கிராம் கணக்கில் புரதம் அளந்து உணவு வகுக்கும் டயட்டீஷியன், இத்தனை பேரும் வேண்டும்.

டாக்டர் வழி என்றால் எம்பிபிஎஸ் ஐந்தரை வருஷம், எம்டி மூன்று, அதற்கு மேல் மருத்துவ மரபியலில் டிஎம் என்ற சிறப்புப் படிப்பு மூன்று. ஆராய்ச்சி வழி என்றால் பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி, பிறகு எம்எஸ்சி, பிறகு பிஎச்டி. எம்எஸ்சிக்கு நம் தரமணியிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்து வருஷ பிஎஸ்-எம்எஸ் இன்னும் நல்லது. திருப்பதி ஐசர் நமக்கு ரயிலில் போகிற தூரம்தான். ஐஐடி மெட்ராஸ் 2023-இல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த பிஎஸ் படிப்பு தொடங்கியது. ஐசர் படிப்பு, ஐஐடியின் இந்தப் படிப்பு இரண்டுக்குமே ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் கேள்வி வரும். உங்கள் மகள் கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படித்தவள், அது பெரிய பலம். அதே ஐஐடியில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுக்கும் மையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுவின் மூளையின் 5,132 சீவல்களைப் படமாக உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இன்று இரவே அவள் உட்கார்ந்து பார்க்கலாம்.

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வழியில் சீக்கிரம் சம்பாத்தியம் வராது. எம்எஸ்சிக்குப் பிறகு எழுதும் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அப்போதே அவளுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று ஆகியிருக்கும். பிஎச்டி முடியும்போது முப்பதை நெருங்குவாள். பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பரிசோதனைக் கூடங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் வேலை உண்டு, ஆனால் வெறும் பிஎஸ்சியோடு போனால் சம்பளம் குறைவு. கல்யாணம் எப்போது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது நீங்கள்தான், அவள் இல்லை.

அப்புறம், பெயரில் ஜெனெடிக்ஸ் என்று போட்டு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் படிப்புகளில் அவசரப்பட்டுச் சேர்த்துவிடாதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் சோதனையை மாணவர்கள் தாங்களே ஓட்டுகிறார்களா, ஆசிரியர் ஓட்டுவதைப் பார்க்கிறார்களா என்று மாணவர்களிடமே கேளுங்கள். போன வருஷம் முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

நீட் விஷயத்தில் என் கருத்து இது. நோயாளி பக்கத்தில் நின்று வேலை செய்யத்தான் அவளுக்கு ஆசை என்றால் இன்னொரு வருஷம் தாராளமாகக் கொடுக்கலாம், தப்பில்லை. கருவிக்கும் நுண்ணோக்கிக்கும் முன்னால் உட்காரத்தான் ஆசை என்றால் அந்த வருஷம் அவளுக்கு வீண். பல வருஷங்களுக்கு முன், இதே போல ஆராய்ச்சி ஆசையோடு வந்த ஒரு பையனை, அப்பாவின் முகத்தைப் பார்த்து நீட்டுக்கே திரும்ப அனுப்பினேன். இரண்டு வருஷம் போனது, அந்த ஆசையும் போனது. அது என் தவறு, இன்றும் வருத்தம் இருக்கிறது.

அதனால் சனிக்கிழமை காலை அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேனா புள்ளிகளை அளந்து எழுதிய அந்த நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும். பேசும்போது பதிலை அவளே சொல்லட்டும். கோச்சிங் சென்டரில் முன்பணம் அதுவரை கட்ட வேண்டாம்.